கடற்கரைக்குப் போனால் எண்ணிவிட்டு வாருங்கள்

மாணவர்களே,

கடற்கரைத் துப்புரவு, கண்டல் கன்று நடுதல், பறவைக் கணக்கெடுப்பு, பவளப்பாறை ஆய்வு, அறிவியல் வாரம் என்று பல்கலைக்கழகங்களும் இயற்கைச் சங்கங்களும் நடத்தும் நிகழ்ச்சிகளின் அறிவிப்புகள் ஆண்டு முழுவதும் நம் புலனக் குழுக்களில் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அடியில் ‘பல்கலைக்கழக மாணவர்களுக்கு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கண்டதும் படிவம் நான்கிலும் ஐந்திலும் இருக்கும் நீங்கள், “இது அண்ணன் அக்காமார்களுக்கு” என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறீர்கள்.

லூமுட்டில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இதைப் பற்றி எனக்கு இரண்டு கருத்துகள் உண்டு. அந்த நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி உங்களுக்கும் உரியது என்பது முதலாவது. போகிறவர்களில் பலர், பல்கலைக்கழக மாணவர்கள் உட்பட, அங்கே செய்ய வேண்டிய முக்கியமான வேலையைச் செய்யாமலே திரும்பி வருகிறார்கள் என்பது இரண்டாவது. முதல் கருத்தைக் கேட்டால் பலரும் தலையாட்டுவார்கள். இரண்டாவதற்கு எதிர்ப்பு வரலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாட்காட்டியைத் திறந்து பாருங்கள்

எந்த நிகழ்ச்சி எப்போது வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. இந்தத் தேதிகளை உங்கள் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-இல் தொடங்கியது. அதே மாதத்தில், பொங்கல் திருநாளை ஒட்டிய நான்கு நாட்களில், தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2015-இல் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் இதைத் தொடங்கினார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளை எல்லாம் எண்ணி ‘இ-பேர்டு’ என்ற இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் விதி. பிப்ரவரி 2 உலக ஈரநிலங்கள் தினம். அதே மாதத்தின் நடுவில் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பு நான்கு நாட்கள் நடக்கும். மார்ச் மாதக் கடைசியில் பூமி நேரம். ஏப்ரல் முடிந்து மே தொடங்கும் வாக்கில் ‘நகர இயற்கைச் சவால்’. 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ என்ற இரண்டு நகரங்களின் போட்டியாகத் தொடங்கிய இதில் மலேசிய நகரங்களும் கலந்துகொண்டிருக்கின்றன. மே 22 பல்லுயிர் தினம். மே 23 உலக ஆமைகள் தினம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். ஜூன் 8 உலகப் பெருங்கடல் தினம். ஜூலை 26 உலகக் கண்டல் காடுகள் தினம். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு. அக்டோபர் 21 நமது தேசியச் சுற்றுச்சூழல் தினம்.

இவற்றில் எதற்கும் பட்டப்படிப்புத் தகுதி கிடையாது. பறவை எண்ண வருகிறவரிடம் யாரும் எஸ்.பி.எம். முடிவைக் கேட்பதில்லை. நகர இயற்கைச் சவாலில் பயன்படும் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் 13 வயது நிறைந்த எவரும் கணக்குத் தொடங்கலாம். நீங்கள் எடுத்த ஒரு நண்டின் படத்தை இடமும் தேதியும் சேர்த்துப் பதிவேற்றுகிறீர்கள். அதன் பெயரை வேறு பயனர்கள் சரிபார்த்து உறுதி செய்கிறார்கள். பிறகு அந்தப் பதிவு உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொதுத் தரவுத் தளத்திற்குப் போய்ச் சேர முடியும். பதிவு செய்தவர் பேராசிரியரா, படிவம் இரண்டு மாணவியா என்ற வேறுபாடு அங்கே இல்லை.

பல்கலைக்கழகத்தின் பெயரில் நடக்கும் நிகழ்ச்சியாக இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நம் வட்டாரத்திலேயே கடல்சார் பொறியியல் கற்பிக்கும் யுனிகேஎல் வளாகம் லூமுட்டில் இருக்கிறது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம். ஆசிரியர் வழியாக ஒரு கடிதம் எழுதி, “எங்கள் பள்ளியிலிருந்து பத்துப் பேர் வரலாமா?” என்று கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

மூட்டையின் எடை சொல்லாத செய்தி

இனி இரண்டாவது கருத்துக்கு வருகிறேன்.

தெலுக் பாத்திக் போன்ற ஒரு கடற்கரையில் துப்புரவு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குச் சட்டை கொடுக்கிறார்கள். பேச்சு முடிகிறது. இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்குகிறோம். மூட்டைகளை அடுக்கி, பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். சான்றிதழ் கிடைக்கிறது. மறுநாள், ‘200 பேர் சேர்ந்து 500 கிலோ குப்பையை அகற்றினர்’ என்று செய்தி வருகிறது.

நல்ல காரியம்தான். ஆனால் அந்த 500 கிலோ நமக்கு என்ன சொல்கிறது? ஈரமான ஒரு மரக்கட்டை பத்துக் கிலோ இருக்கும். ஆயிரம் சிகரெட் துண்டுகள் சேர்ந்தாலும் அரைக் கிலோகூடத் தேறாது. எடையைப் பார்த்தால் மரக்கட்டைதான் பெரிய குப்பை. கடலுக்குக் கேடு செய்வதோ சிகரெட் துண்டு. அதன் வடிகட்டி பஞ்சு போல் தெரிந்தாலும், செல்லுலோஸ் அசிட்டேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனது.

அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு தொடங்கிய கதை இங்கே பொருந்தும். 1986 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஒஹாரா என்ற இரண்டு பெண்கள் அதைத் தொடங்கினார்கள். முதல் முறையே ஏறக்குறைய 2,800 பேர் வந்தார்கள். வந்தவர்களிடம் குப்பைப் பையோடு ஒரு தரவு அட்டையையும் கொடுத்தார்கள். பாட்டில் எத்தனை, மூடி எத்தனை, வலைத் துண்டு எத்தனை என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே பொறுக்க வேண்டும். அந்த அட்டை முறை இன்றுவரை தொடர்கிறது. அதனால்தான், நீண்ட காலம் முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டுகளை 2019-ஆம் ஆண்டுத் துப்புரவில் உணவுப் பொட்டலத் தாள்கள் முந்தின என்று நம்மால் சொல்ல முடிகிறது. உலகெங்கும் அந்த ஆண்டில் 4.7 மில்லியனுக்கும் அதிகமான பொட்டலத் தாள்கள் எண்ணப்பட்டன.

வகை தெரிந்தால் யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெரியும். உணவுப் பொட்டலங்கள் அதிகம் என்றால் கடற்கரைக் கடைக்காரர்களிடமும் நகராண்மைக் கழகத்திடமும் பேசலாம். வலைத் துண்டுகள் அதிகம் என்றால் மீனவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். கப்பலில் பயன்படும் பொருள்கள் அதிகம் என்றால் அது வேறு கதை; கப்பல்கள் பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டுவதைத் தடை செய்யும் மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கிலோ என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இவர்களில் யாரிடம் போவீர்கள்? யாரிடமும் போக முடியாது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே கடற்கரைக்கு அதே குப்பையைப் பொறுக்கத்தான் போவோம்.

கண்டல் கன்று நடும் நிகழ்ச்சிகளிலும் இதே குறை உண்டு. எத்தனை கன்று நட்டோம் என்பது பதாகையிலேயே அச்சாகியிருக்கும். ஓராண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது எங்கே இருக்கிறது? கடல் நீர் அதிக நேரம் மூடியிருக்கும் தாழ்வான சேற்றுத் திட்டில் நட்டால் கன்று மூச்சுத் திணறிப் பட்டுப்போகும். உலகில் பல இடங்களில் ஆயிரக்கணக்கில் நட்ட கன்றுகள் இப்படித்தான் போயின. அடுத்த முறை நடப் போகும்போது ஏற்பாட்டாளரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “சென்ற ஆண்டு நட்டதில் எத்தனை பிழைத்தன?”

நூறிலிருந்து பத்துக்குக் கீழே

நம் பேராக் கடலோரத்தில் மாத்தாங் கண்டல் காடு இருக்கிறது. ஏறக்குறைய 40,000 எக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காப்புக் காடாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. முப்பது ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி, கோலா செபெத்தாங்கில் கரி சுடுகிறார்கள் என்பதை நீங்கள் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கடலோரத்தில் பால்வண்ண நாரை என்ற ஒரு பறவை இருந்தது. வெள்ளை உடல், கருத்த இறகு நுனி, நீண்ட மஞ்சள் அலகு. தமிழ்நாட்டு ஏரிகளில் இருக்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கு நெருங்கிய உறவு. 1980-களின் நடுவில் மாத்தாங் கடலோரத்தில் இவை நூற்றுக்கு மேல் இருந்தன. 2005 வாக்கில் பத்துக்கும் கீழே போய்விட்டன.

இந்த இரண்டு எண்களையும் சற்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது எண் நமக்குத் துயரம் தருகிறது. ஆனால் முதல் எண் இல்லாவிட்டால் அந்தத் துயரமே நமக்குத் தெரிந்திருக்காது. “இங்கே எப்போதும் ஏழெட்டு நாரைதான் இருக்கும்” என்று நினைத்துக்கொண்டு படகில் போய்ப் படம் எடுத்துத் திரும்பியிருப்போம். 1980-களில் யாரோ சிலர் சேற்றில் நின்று, தொலைநோக்கியைப் பிடித்து, ஒன்று இரண்டு என்று எண்ணி எழுதி வைத்தார்கள். அவர்கள் எண்ணியபோது அது சாதாரண எண்ணாகத்தான் இருந்திருக்கும். இருபது ஆண்டு கழித்துத்தான் அதன் மதிப்பு தெரிந்தது.

அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், பறவைகளைச் சுடும் பண்டிகைப் போட்டிக்கு மாற்றாக அவற்றை எண்ணலாம் என்று அழைத்தார். 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு நூற்றாண்டைத் தாண்டியும் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. எந்தப் பறவை எங்கே குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்பதை அறிய இன்றும் அது பயன்படுகிறது. 27 பேர் என்பது உங்கள் வகுப்பில் இருக்கும் எண்ணிக்கைதான்.

எண்ணை யார் எழுதுகிறார்கள்?

இதில் லூமுட்டுக்காரர்களாகிய நமக்குத் தனி அக்கறை இருக்க வேண்டும். நம் கரையைச் சுற்றிப் பாருங்கள். கடற்படைத் தளம் இருக்கிறது. கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவில் மஞ்சோங் நிலக்கரி மின் நிலையம் இருக்கிறது; அதன் ஐந்து அலகுகளும் சேர்ந்து 4,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும் திறன் கொண்டவை. தெலுக் ரூபியாவில் இரும்புத் தாது இறங்கும் துறைமுகம் 2014 முதல் இயங்குகிறது. 4 லட்சம் டன் கப்பல்கள் வந்து நிற்கும் அளவுக்கு ஆழமானது. எதிரே பங்கோர் தீவு. மீன்பிடிப் படகுகள், நெத்திலி, சுற்றுப்பயணிகள். வடக்கே செகாரியில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம்.

இத்தனையும் ஒரே கடலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும், மீன் வேண்டும், ஆமையும் வேண்டும். எதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு நம் வட்டாரத்தில் ஓயாது. உங்கள் காலத்தில் இன்னும் கூடும். பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. அந்த அறிக்கைகள் எண்களால் நிரம்பியவை. அதைப் படித்து, “இந்த எண் எந்த மாதத்தில் எடுத்தது? எத்தனை முறை அளந்தார்கள்?” என்று கேட்கத் தெரிந்தவர் நம் ஊரில் எத்தனை பேர்?

இது நம் தாத்தா பாட்டிகளுக்குப் புதிய விஷயம் இல்லை. ஆயர் தாவார், சித்தியவான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் வாழ்க்கை எண்களால் ஆனது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணிக்கை. நிரைக்கு இத்தனை மரம். கொட்டாயில் பாலை நிறுத்தால் இத்தனை கிலோ. மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டால் ரப்பர் அளவு இத்தனை. மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளத்தில் இந்த எண்களுக்குப் பங்கு இருந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தவரும் எழுதியவரும் கிராணி. பால் சுமந்தவருக்கு அந்தக் கருவியின் கோட்டைப் படிக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதியது சரியாகவே இருந்திருக்கலாம். சரிபார்க்க வழியில்லை என்பதுதான் விஷயம்.

உங்களுக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியும். அடர்த்தி, செறிவு, சராசரி, பிழை வரம்பு எல்லாம் உங்கள் பாடநூலிலேயே இருக்கின்றன. அந்த அறிவைத் தேர்வுத் தாளில் மட்டும் செலவழித்துவிட்டு, சொந்த ஊரின் கடலைப் பற்றிய எண்களை வேறு யாராவது எழுதட்டும் என்று விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி மாணவர்கள் நடந்த கரை

“மாணவர்கள் எண்ணி என்ன ஆகப் போகிறது?” என்று கேட்பவர்களுக்குச் சென்னையை உதாரணமாகச் சொல்வேன். அங்கே 1988-இல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்காக ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். இரவில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, ஆமையின் தடம் பார்த்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். படிப்பு முடிந்து ஒரு அணி போனால் அடுத்த அணி வருகிறது. பொதுமக்களும் அவர்களோடு நடக்கலாம்.

அவர்கள் வழியில் செத்துக் கிடக்கும் ஆமைகளையும் குறித்துக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அது நாடே பேசும் செய்தியானது. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவை வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறிச் சாகும். ‘இந்த ஆண்டு வழக்கத்தைவிட மிக அதிகம்’ என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் வழக்கம் எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் யாராவது நடந்து எண்ணியிருக்க வேண்டும்.

நம் செகாரிக் கரைக்கு வருவது பச்சைக் கடலாமை. அதன் முட்டையிலிருந்து ஆண் வருமா பெண் வருமா என்பதை மணலின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியசில் இரண்டும் கலந்து பொரிக்கும். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். இதைப் படித்ததும் ஒரு மாணவருக்கு என்ன தோன்ற வேண்டும்? நம் கடற்கரை மணலில் நிழலில் எத்தனை டிகிரி, வெயிலில் எத்தனை டிகிரி என்று அளந்து பார்க்கத் தோன்ற வேண்டும். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியே போதும். ஆமைக் கூடு இருக்கும் இடத்தைத் தோண்டக் கூடாது. வேறு இடத்து மணலில் அளக்கலாம்.

முன்மாதிரி வேண்டுமானால் தூரத்தில் தேட வேண்டாம். மாத்தாங் கடலில் ஓங்கில்களை ஆராயும் மேர்செட் அமைப்பை இணைந்து தொடங்கியவர் முனைவர் லூயிசா பொன்னம்பலம், நம் நாட்டுக் கடல் பாலூட்டி ஆய்வாளர். ஓங்கிலின் முதுகுத் துடுப்பில் இருக்கும் வடுக்களைப் படமெடுத்து ஒன்றை மற்றொன்றிலிருந்து அடையாளம் காண்பது இந்தத் துறையின் அடிப்படை முறை. பொறுமையாகப் பார்ப்பதும் எண்ணுவதும்தான் அங்கேயும் வேலை.

நீங்கள் சொல்லக்கூடிய தடைகள்

“எஸ்.பி.எம். இருக்கிறது, டீச்சர்.” ஆமாம், இருக்கிறது. நான் கேட்பது ஆண்டில் மூன்று அல்லது நான்கு காலைப் பொழுதுகள். அதில் நீங்கள் பழகும் மாறிகள், மாதிரி எடுத்தல், வரைபடம் எல்லாம் தேர்விலும் வருபவை.

“புறப்பாட மதிப்பெண்ணுக்குச் சான்றிதழ் வேண்டுமே?” வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் பத்து விழுக்காடு புறப்பாடத்துக்கு இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்வதற்கு நம் பிள்ளைகளில் யாருக்கும் வசதி இல்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் அந்தச் சான்றிதழைக் காட்டி, “அன்று என்ன கண்டுபிடித்தீர்கள்?” என்று ஒருவர் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். “நாங்கள் எண்ணிய 640 பொருள்களில் 210 பொட்டலத் தாள்” என்று சொல்லும் மாணவரும், “குப்பை பொறுக்கினோம்” என்று சொல்லும் மாணவரும் ஒன்றல்லர்.

“வீட்டில் விடமாட்டார்கள்.” பெண் பிள்ளைகள் இதை அதிகம் சொல்கிறார்கள். பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் தனியாகப் போகாதீர்கள்; ஆசிரியரோடு, குழுவாகப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பறவை எண்ணுவதற்கு வயது வரம்பு இல்லை. வெளியே போகவே முடியாது என்றால் வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணுங்கள். மைனாவும் சிட்டுக்குருவியும் கணக்கில் சேரும்.

“மலாயிலும் ஆங்கிலத்திலும் நடத்துகிறார்கள், கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.” இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது உங்களில் பலர் அஸ்தி இயக்கம் நடத்தும் அறிவியல் விழாவுக்காகச் சொந்தமாகச் சோதனை செய்து, நடுவர் முன் நின்று விளக்கிய பிள்ளைகள். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் அதே பிள்ளை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மொழி மாறியது, அறிவு எங்கும் போகவில்லை. எண்ணுவதில் ஒரு வசதி இருக்கிறது: 14 என்பது எல்லா மொழியிலும் 14. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள். பேச்சு தானாகப் பழகும்.

எண்ணும் முறை

முறையில்லாமல் எண்ணினால் பயனில்லை. நான்கு விதிகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலாவது, உழைப்பையும் எழுதுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எத்தனை மீட்டர் கரை என்பது இல்லாமல் ‘300 பாட்டில்’ என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை. நூறு பேர் ஒரு கிலோமீட்டரில் எடுத்ததும், ஐந்து பேர் ஐம்பது மீட்டரில் எடுத்ததும் ஒன்றாகாது.

இரண்டாவது, பூஜ்யத்தையும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் பார்த்தும் நாரை இல்லை என்றால் ‘நாரை 0’ என்பதும் தரவுதான். பார்த்ததை மட்டும் எழுதி, பார்க்காததை விட்டுவிட்டால் குறைவது ஒருநாளும் கணக்கில் வராது.

மூன்றாவது, அதே இடத்துக்கு, அதே பருவத்தில், அதே கடல்மட்ட நேரத்தில் திரும்பப் போங்கள். ஒரு முறை எண்ணியது ஒரு புள்ளி. கோடு போட இரண்டாவது புள்ளி வேண்டும். போக்குத் தெரிய இன்னும் பல வேண்டும்.

நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். ‘சிறிய பழுப்பு நிறக் கரைப்பறவை, 12’ என்பது நேர்மையான பதிவு. ஊகித்து ஒரு பெயரை எழுதுவது பிறகு வரும் எல்லாருடைய கணக்கையும் கெடுக்கும்.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்க்காமல் சேற்றுத் திட்டில் இறங்காதீர்கள். கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். ஊசி, உடைந்த கண்ணாடி, கரை ஒதுங்கிய ஜெல்லி மீன் ஆகியவற்றைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

இந்தப் பக்கத்தை ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நடத்தும்போது பள்ளி மாணவர்களுக்குப் பத்து இடமாவது ஒதுக்குங்கள். அறிவிப்பை இரண்டு நாளுக்கு முன் அனுப்பாமல், பேருந்துக்கும் பெற்றோர் அனுமதிக்கும் நேரம் கிடைக்கும்படி மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள். சட்டைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைப் போக்குவரத்துக்குக் கொடுங்கள். தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வரும் பிள்ளைக்குச் சட்டையைவிட வேன் பெரிய உதவி. முக்கியமாக, எண்ணிய முடிவை வந்தவர்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். தான் எழுதிய எண் எங்கே போனது என்று தெரியாத பிள்ளை அடுத்த முறை எண்ண வராது.

ஆசிரியர்களுக்கு: மலேசிய இயற்கைச் சங்கத்தின் ‘கெலாப் பெஞ்சிந்தா ஆலாம்’ பல பள்ளிகளில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் இல்லையென்றால் தொடங்கலாம்; இருந்து தூங்கினால் எழுப்பலாம்.

மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இனி உங்கள் கைப்பேசிக்கு வரும் முதல் நிகழ்ச்சி அறிவிப்பை நகர்த்திவிடாதீர்கள். நண்பர்கள் நால்வரைச் சேருங்கள். ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் மை கரையும், பென்சில் கரையாது. இடம், தேதி, நேரம், பேர், எண் என்று ஐந்து பத்தி வரைந்துகொண்டு போங்கள். ஏற்பாட்டாளர் எண்ணச் சொல்லாவிட்டாலும் நீங்கள் எண்ணுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்கள் அறிவியல் ஆசிரியருக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் அதே இடத்துக்குப் போக வேண்டும் என்று இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.